மூங்கில் குச்சியில் இரண்டு விரல்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கெட்டிக்கார டிரைவர் என்று பெயர் வாங்கியவன் நான். துரை என் கையைப் பிடித்துக் குலுக்கியிருக்கிறார். பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். அந்தப் பெயரை எப்படிச் சம்பாதித்தேன் என்பது எனக்கும், என் மச்சானுக்கும், தலவாக்கலையில் ஒரு மெக்கானிக்குக்கும் மட்டும்தான் தெரியும் என்று கொஞ்ச காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். என் மனைவிக்குக் கடைசிவரை தெரியாது. மச்சான் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன்.

இலங்கை மலைநாட்டில், லிந்துலைக்கு மேலே எங்கள் தோட்டம். மேல் பிரிவில் ஒரு ஸ்டோர், கீழ்ப் பிரிவில் ஒரு ஸ்டோர். தேயிலை அரைக்கிற ஆலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். ஸ்டோருக்கு ஒரு லொறி. மச்சான் ஒன்றை ஓட்டினார், நான் ஒன்றை ஓட்டினேன். தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு தலவாக்கலை ஸ்டேஷனுக்கு இறங்க வேண்டியது, அங்கிருந்து அரிசி, மாவு, உர மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மலையேற வேண்டியது. இரண்டாம் உலகச் சண்டைக்குப் பிறகு பட்டாளத்துக்காரர்கள் விட்டுப்போன இரண்டு பெட்ரோல் லொறிகளை வைத்துக்கொண்டு பல வருஷம் மாரடித்தோம். ஐம்பதுகளின் பின்பகுதியில் அவை இரண்டும் படுத்துவிட்டன. அதற்குப் பிறகுதான் புது டீசல் லொறிகள் வந்தன. இரண்டும் ஒரே மாதிரி, ஒரே பச்சை, ஒரே நாளில் வந்தவை. நம்பர் பலகையைப் பார்க்காவிட்டால் எது யாருடையது என்று தெரியாது.

டிரைவர் வேலையில் பெரிய விஷயம் வீடு. லொறி ஷெட்டுக்குப் பக்கத்தில் எங்களுக்கு இரட்டை வீடு கொடுத்திருந்தார்கள். நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் மச்சான் குடும்பம், இந்தப் பக்கம் நாங்கள். பலகைத் தரை, சமைக்கத் தனியாகப் புகைக்கூண்டு வைத்த குசினி. தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத்தான் புகைக்கூண்டின் அருமை தெரியும். லயத்துக் காம்பராவில் ஒரே அறைக்குள் அடுப்பு, படுக்கை எல்லாம். மழைக்காலத்தில் ஈர விறகை வைத்து ஊதினால் பக்கத்தில் இருப்பவர் முகம் தெரியாது. மச்சானின் மனைவிக்கு இழுப்பு நோய். லயத்தில் இருந்தவரை அவர் படுத்துத் தூங்கியதே கிடையாது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் கண்ணயர்வார். டிரைவர் வீட்டுக்கு வந்த பிறகு அவருக்கு மூச்சு நேரானது, முகத்தில் சதை பிடித்தது. நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எனக்குப் பிடித்த மாதிரி கருவாட்டுக் குழம்பு வைத்துச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கொடுத்தனுப்புகிற அக்கா.

அப்படி இருக்கும்போது மேல் பிரிவு ஸ்டோரை மூடப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. கொழுந்து முழுவதையும் கீழ் ஸ்டோரிலேயே அரைத்துவிடலாமாம். பேச்சு வந்து ஒரு வாரத்தில் துரை எங்கள் இருவரையும் ஸ்டோர் வாசலுக்குக் கூப்பிட்டார். தோட்டத்தை நடத்துகிற வெள்ளைக்காரர். சண்டையில் லொறிப் படைக்கு அதிகாரியாக இருந்தவராம். அவர் பேசுகிற தமிழில் மரியாதை என்ற சங்கதியே கிடையாது. அவருக்கு யாரும் கற்றுக்கொடுத்ததில்லை.

"இங்க பாரு. இனி ஒரு லொறி, ஒரு டிரைவர். மூணு மாசம் நான் பாக்கிறது. யார் லொறி கொஞ்சம் டீசல் குடிக்குது, அவன் நிக்கிறான். மத்தவன் மலைக்குப் போறான்."

மலைக்குப் போவது என்றால் மண்வெட்டியும், தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்துக் கத்தியும். மலைக்குப் போகிறவனுக்கு லயம். லயம் என்றால் அக்காவுக்குப் புகை. இதையெல்லாம் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நாங்கள் இருவரும் "சரிங்க தொரை" என்று தலையாட்டினோம்.

துரை போகும்போது திரும்பி நின்று இன்னொன்றும் சொன்னார். "இஞ்சின் மெதுவா சுத்தணும். பெரிய கியர், கொஞ்சம் சுத்து. சத்தம் போடாம போனா டீசல் மிச்சம்." அவர் சொன்னதில் பொய் இல்லை. சமமான ரோட்டில் பெரிய கியரில் எஞ்சினை மெதுவாகச் சுழலவிட்டால் டீசல் நிச்சயம் மிஞ்சும். ஆனால் எங்கள் தோட்டத்தில் சமமான ரோடு எங்கே இருக்கிறது? துரை பங்களா வாசலில் ஒரு இருநூறு அடி இருந்தது.

மறுநாளே அளவு தொடங்கியது. காலையில், ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிற டீமேக்கர் ஐயா முன்னால் இரண்டு லொறிக்கும் ஒரே கோடுவரை டீசல் ஊற்றுவார்கள். சாயங்காலம் ஆள்கணக்கு எடுக்கிற பெரட்டு கலையும் நேரத்தில் ஒரு மூங்கில் குச்சியை டாங்கிக்குள் விட்டு எடுப்பார்கள். நனைந்த இடத்தில் விரலை வைத்து அளப்பார் டீமேக்கர் ஐயா. எவ்வளவு நனைந்திருக்கிறதோ அவ்வளவு டீசல் மிச்சம். ஒருவருக்குக் கஷ்டமான ரோடு, மற்றவருக்குச் சுகமான ரோடு என்று வரக்கூடாது என்பதற்காக நாங்கள் நடைகளை மாற்றி மாற்றி எடுத்தோம். முதல் வாரம் குச்சி இரண்டு பேருக்கும் ஒன்றாகத்தான் நனைந்தது. எனக்குத் தூக்கம் போயிற்று.

இரண்டாவது வாரம் நான் ஏற்றத்திலும் டொப் கியரை, அந்தப் பெரிய கியரை, விடாமல் பிடிக்கத் தொடங்கினேன். எங்கள் ரோட்டில் ஏழு முடக்கு, அதாவது ஏழு கொண்டை ஊசி வளைவு. மூன்றாவது முடக்கு ரொம்ப மோசம். எல்லா டிரைவரும் அதற்கு முன்பே கியரைக் குறைத்துவிடுவார்கள். நான் குறைக்கமாட்டேன். எஞ்சின் சுற்று விழுந்துகொண்டே வரும். கதவு கிடுகிடுக்கும், கண்ணாடி ஆடும், ஸ்டியரிங்கைப் பிடித்த மணிக்கட்டு வரைக்கும் அதிரும். பின்னால் கரும்புகை. இதோ நின்றுவிட்டது என்று தோன்றும், நிற்காது. முக்கி முனகி ஏறிவிடும். அதை நான் என் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன். கிளீனர் மட்டும் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கிற கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு எப்போது குதிக்கலாம் என்று கதவோரம் உட்கார்ந்திருப்பான்.

அப்படி ஓட்டிய முதல் நாள் சாயங்காலம் என் குச்சியில் மச்சானுடையதைவிட இரண்டு விரல் கூடுதலாக நனைந்திருந்தது. மறுநாளும் இரண்டு விரல். அதற்கு மறுநாளும். ஸ்டோர் ஆட்கள் மச்சானைக் கிண்டல் பண்ணத் தொடங்கினார்கள். "என்னண்ணே, ஒங்க லொறி கள்ளுத் தவறணைப் பக்கம் போயிட்டு வருதா? ரொம்பக் குடிக்குதே!" மச்சானும் சேர்ந்து சிரிப்பார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் என்னைவிட நல்ல டிரைவர் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அதில் எனக்கு ரொம்ப நாளாக உள்ளுக்குள் புகைச்சல். இப்போது சொல்வதற்கு என்ன வெட்கம்?

ஒருநாள் தண்ணீர் விழுகிற பீலியடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது மச்சான் சொன்னார்: "மாப்ள, சமமான ரோட்டுல டொப்புல இழுங்க, யாரு வேணாங்கிறா. ஏத்தத்துல வேணாம். சுமையோட இழுக்கயில இஞ்சினுக்கு மூச்சு முட்டுது. ஒயிலு சுத்திப் போகாது. அடி பூராவும் பேரிங்கு மேல விழுது."

"குச்சியப் பாத்து வயிறு எரியுதா மச்சான்?" என்றேன்.

"எரியாம? எனக்கும் வீடு வேணுமில்ல?" என்றார் சிரித்துக்கொண்டே. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். தன் லொறியை அவர் ஏற்றத்தில் எப்போதும்போலவே ஓட்டினார். முடக்குக்கு முன்பே கியரைக் குறைத்து, எஞ்சினைச் சுறுசுறுப்பாகச் சுழலவிட்டு ஏறுவார். அவர் ஏறும் சத்தம் ஒரே சீராகக் கேட்கும். அதற்கு விலை இரண்டு விரல் டீசல்.

இரண்டாவது மாதம் முடியும்போது என் எஞ்சினுக்குள் ஒரு தட்டுச் சத்தம் கேட்டது. முதலில் ஏற்றத்தில் மட்டும். பிறகு சும்மா நிற்கும்போதும். டொக், டொக் என்று உள்ளேயிருந்து யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி. தலவாக்கலை ஸ்டேஷன் பக்கம் ஒரு சிங்கள மெக்கானிக் கராஜ் வைத்திருந்தார், பாஸ் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். பெட்டி இறக்கிவிட்டு அவரிடம் கொண்டுபோனேன். அவர் ஒரு நீள ஸ்குரூ டிரைவரை எஞ்சின் மேல் ஊன்றி, அதன் பிடியில் காதை வைத்துக் கேட்டார். என்னை மல்லி என்றுதான் கூப்பிடுவார். அவர்கள் பாஷையில் தம்பி.

"மல்லி, பேரிங் போயிட்டுது தானே. கழட்டணும். சாமான் கொழும்புல இருந்து வரணும். பத்து நாள் போகும்."

பத்து நாள் லொறி நின்றால் எப்படிக் கெட்டது என்று துரை கேட்பார். போட்டியும் போச்சு, வீடும் போச்சு.

"இன்னும் ஒரு மாசம் தாங்குமா பாஸ்?"

"கியர் குறைச்சு, பாவம் பார்த்து ஓட்டினா தாங்கும். நீ ஓட்டுற மாதிரி ஓட்டினா தாங்காது." அவர் என் முகத்தைப் பார்த்தார். "ஏத்தத்துல இழுக்கிறதா?"

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை துரை புதுக் கட்டளை போட்டார். இரண்டு விரல் மிச்சம் லொறியாலா, டிரைவராலா என்று அவருக்குத் தெரிய வேண்டுமாம். கடைசி மாதம் லொறிகளை மாற்றி ஓட்ட வேண்டும். திங்கட்கிழமை காலையில் கைமாற வேண்டும்.

எங்கள் தோட்டத்தில் லொறி கைமாறுவதற்கு ஒரு முறை உண்டு. வாங்குகிறவன் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, கொஞ்ச நேரம் நின்று கேட்பான். குறை இருந்தால் அப்போதே சொல்ல வேண்டும். இல்லையென்றால் புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டால் அதற்குப் பிறகு எது உடைந்தாலும் போட்டவன் பொறுப்பு. மச்சான் காதுக்கு அந்தத் தட்டுச் சத்தம் தப்பாது என்று எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மச்சான் அக்காவைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போயிருந்தார். நான் ஷெட்டுக்குப் போனேன். எஞ்சின் ஒயிலில் பாதியைத் திறந்து விட்டேன். அதற்குப் பதிலாகக் கியர் பெட்டிக்கு ஊற்றுகிற தடித்த ஒயிலை ஊற்றினேன். டிரைவர்களுக்குத் தெரிந்த திருட்டு வேலைதான் இது. தடித்த ஒயில் இடைவெளியை அடைத்துக்கொள்ளும், சத்தம் அடங்கிவிடும். நோய் அப்படியே இருக்கும். ஸ்டார்ட் பண்ணிக் கேட்டேன். சத்தம் இல்லை. கை நடுங்கியது என்று எழுதினால் எனக்குக் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். நடுங்கவில்லை. நிம்மதியாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை காலை டீமேக்கர் ஐயா புத்தகத்தோடு நின்றார். மச்சான் லொறியை ஸ்டார்ட் பண்ணினார். தலையைச் சாய்த்துக் கேட்டார். இறங்கி, ஒயில் பார்க்கிற கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு துணியில் விரலைத் துடைத்துக்கொண்டு என்னை ஒருதரம் பார்த்தார். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

அவருடைய லொறி என் கைக்கு வந்தது. என்ன சொல்ல! பாசி பிடித்த ரோட்டில்கூட அது வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி ஏறியது. ஏழு வாரம் நான் சித்திரவதை பண்ணிய எஞ்சினுக்கும் ஏழு வாரம் அவர் பார்த்துக்கொண்ட எஞ்சினுக்கும் உள்ள வித்தியாசம் காலுக்கடியில் தெரிந்தது. என் குச்சி இன்னும் நன்றாக நனைந்தது. மச்சானுக்கு நிலைமை தலைகீழ். என் பழைய லொறியை அவர் ஏற்றம் முழுவதும் சின்னக் கியரிலேயே ஓட்டினார். மெதுவாக, அடிக்கடி நிறுத்தி எஞ்சினை ஆறவிட்டு ஓட்டினார். அதனால் டீசல் இன்னும் கூடப் போயிற்று. மூன்று விரல், நாலு விரல் என்று வித்தியாசம் ஏறியது. "மச்சானுக்கு வயசாயிருச்சு போல" என்று ஸ்டோரில் பேசிக்கொண்டார்கள். நானும் அங்கே நின்றேன். சிரிக்கவில்லை, மறுக்கவும் இல்லை.

மூன்றாவது வாரம், உர மூட்டைகளோடு ஏறும்போது மூன்றாம் முடக்கில் எஞ்சின் வெடித்தது. உள்ளே இருந்த கம்பி முறிந்து எஞ்சின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. லொறி பின்னால் உருண்டது. மச்சான் அதை மண்மேட்டுப் பக்கம் ஒடித்துச் சாத்தினார். கிளீனர் கட்டை போட்டான். பள்ளத்துப் பக்கம் போயிருந்தால் இரண்டு பேரும் இல்லை. செய்தி கேட்டு ஓடிப்போனேன். மச்சான் நெற்றியில் ரத்தத்தோடு ரோட்டுக் கரையில் உட்கார்ந்திருந்தார். ரோடெல்லாம் ஒயில். அன்றைக்கு எனக்குக் கை நடுங்கியது.

லொறியை ஸ்டோர் வாசலுக்கு இழுத்து வந்த பிறகு தலவாக்கலைப் பாஸை வரவழைத்தார் துரை. பாஸ் எஞ்சினுக்கு அடியில் படுத்து, மிச்சமிருந்த ஒயிலை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். எழுந்து வந்தார்.

"இது கியர் ஒயில். யார் ஊத்தினது?" என்று கேட்டார். அவர் கண் என் மேலேயே இருந்தது.

அப்போது மச்சான் சொன்னார்: "நாந்தான் பாஸ். தட்டுற சத்தம் கேட்டுச்சு. ஊத்தினேன்."

பாஸ் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு சாமான்களை எடுத்து வைக்கத் தொடங்கினார்.

துரைக்கு முகம் சிவந்துவிட்டது. "சத்தம் கேட்டு நீ சொல்லல்ல? லொறி கொன்னுட்டே. நாளைக்கு மலைக்குப் போ." பிறகு என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். "நீ நல்ல டிரைவர். மெதுவா ஓட்டறான், கொஞ்சம் குடிக்குது." அதுதான் நான் முதலில் சொன்ன கைகுலுக்கல். கொழுந்து நிறுக்கிற நேரம்.

அந்த வாரமே மச்சான் குடும்பம் லயத்துக்குப் போனது. என் மனைவி அழுதாள். "ரெண்டு மாசமா ஒங்க கையில நல்லா ஓடின லொறி. அண்ணே கைக்குப் போயி மூணு வாரத்துல ஒடஞ்சிருச்சே. ஏன் இப்பிடிக் கவனமில்லாம இருந்தாரு?" என்று என்னிடமே கேட்டாள். மச்சானைத் திட்டவும் செய்தாள். மழைக்காலம் தொடங்கியிருந்தது. ஒரு மாதத்துக்குள் அக்காவுக்கு இழுப்பு மறுபடி வந்துவிட்டது.

ஒருநாள் காலை பத்து மணிக்கு மச்சான் ஷெட்டுக்கு ஓடிவந்தார். அக்கா மூச்சுவிட முடியாமல் நீலம் பாரித்துக் கிடந்தார். தோட்டத்து டாக்டர் ஐயா நுவரெலியா ஆஸ்பத்திரிக்குத் துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார். நோயாளியைக் கொண்டுபோக எங்களுக்கு லொறியை விட்டால் வேறு வண்டி ஏது? அக்காவை முன் சீட்டில் நடுவில் உட்கார வைத்தோம். மச்சான் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். நுவரெலியா ரோடு நானுஓயாவுக்கு அப்புறம் செங்குத்தாக ஏறும். நான் பதற்றத்தில் பழக்கதோஷமாக டொப் கியரிலேயே ஏற்றத்தைப் பிடித்துவிட்டேன். எஞ்சின் முனகத் தொடங்கியது, வண்டி கிடுகிடுத்தது. அந்த ஆட்டத்தில் அக்காவுக்கு இருந்த கொஞ்ச மூச்சும் திணறியது.

"மாத்துங்க மாப்ள," என்றார் மச்சான், மெதுவாக.

மாற்றினேன். எஞ்சின் நிமிர்ந்தது.

"மச்சான், அந்த ஒயிலு…"

"தெரியும். கையெழுத்துப் போடுறதுக்கு முந்தியே தெரியும். கையில ஒட்டுச்சில்ல."

"தெரிஞ்சா ஏன் சொல்லல்ல?"

"சொன்னா தொரை ஒங்கள அன்னைக்கே வெரட்டிருப்பான். தங்கச்சியையும் புள்ளைகளையும் லயத்துக்கு அனுப்பிப்புட்டு நா எப்பிடி அந்த வீட்டுல குந்தியிருக்கிறது? ஒரு மாசம் எப்பிடியாச்சும் தாங்க வச்சிரலாமுன்னு பாத்தேன். அப்பறமா நெசமா யாரு தோத்தாலும் பரவால்லன்னு. தாங்கல்ல." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார்: "தங்கச்சிக்குத் தெரிய வேணாம். ரோட்டப் பாருங்க."

ரோட்டைப் பார்த்தேன். சரியாகத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். அக்கா பிழைத்துக்கொண்டார். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் மச்சானிடம், "இவங்கள புகை படாத எடத்துல வச்சிருங்க. இன்னொரு தடவ இப்பிடி வந்தா எங்களால ஒன்னும் செய்ய முடியாது" என்றார். "சரிங்கையா" என்றார் மச்சான், அப்படி ஓர் இடம் அவருக்கு இருக்கிற மாதிரி. நான் குறுக்கிட்டு, அக்கா எங்கள் வீட்டிலேயே இருக்கட்டும் என்றேன். மச்சான் எவ்வளவோ மறுத்தார். அக்காவின் துணி மூட்டையை நான் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டதால் கூட வந்தார்.

என் மனைவி பாயை விரித்து, தலையணையை உயர்த்தி வைத்து, அண்ணியை உட்கார வைத்தாள். அக்கா உடம்பு பாதியாக இருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வாசற்படியில் நின்ற அண்ணனைப் பார்த்து, "நீங்க மட்டும் ஒழுங்கா ஓட்டியிருந்தா அண்ணிக்கு இந்த நெலம வருமா? இவரு ஓட்டல்ல? ஒரு சத்தம் வந்துச்சா?" என்று கேட்டாள்.

அக்கா என்னைப் பார்த்தார். அவருக்கும் தெரியும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், மூச்சுப் போதவில்லை. மச்சான் உள்ளே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்து அழுத்தினார்.

"ஆமாம்மா, என் தப்புதான்," என்றார் தங்கையிடம்.

நான் மூட்டையைக் கீழே வைத்தேன். லொறியைக் கழுவ வேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியே போனேன்.